பிரேக் இல்லாத பக்கம்

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வார்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே சித்தி, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. நாக்கு குழறியது. ஆனாலும் நடைவழி திரும்புகிற இடத்தில் தலையை மட்டும் தூக்கி, "அண்ணே, திருப்பம் வருது. எதிர்ல ஆளு இருக்கா இல்லையான்னு பாக்காமலே விடறீங்களே," என்றாள்.

"படுங்கம்மா. வருஷக்கணக்கா இதே வழியிலதான் தள்ளறேன்."

"அதான் பயமா இருக்கு. பழகின வழியிலதான் கண்ணு தூங்கிடும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா டீச்சரா?"

"டிரைவிங் டீச்சர்," என்றேன்.

"அதானே பாத்தேன்," என்று சொல்லி, சித்திக்காகத் திருப்பத்தில் வாயாலேயே ஒரு ஹாரன் அடித்தார். எதிரே மருந்துத் தள்ளுவண்டியோடு ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தார். அந்த நொடியில் போர்வைக்கு அடியில், கட்டுப் போட்ட வலது கால் வெடுக்கென்று நீண்டது. சித்தி வலி தாங்காமல் அலறினாள். கட்டு இறுக்கமாக இருக்கிறது போலும் என்றுதான் நான் நினைத்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்பவரின் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இருக்கைதான் சித்தியின் அலுவலகம். ஸ்டியரிங் அவள் கையில் கிடையாது. தெரியாதவன் ஒருவன் கையில் காரைக் கொடுத்துவிட்டு, அவன் தப்பு செய்யப் போகும் கணத்துக்கு ஒரு கணம் முன்னால் மிதிக்க வேண்டும். முன்கூட்டியே மிதித்துவிட்டால் அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான். தாமதமாக மிதித்தால் கற்றுக்கொள்ள ஆள் இருக்க மாட்டான். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் அவள் 'பிரேக்கக்கா'. கடைத்தெருவில் நரைத்த தலையோடு ஒருவர் "பிரேக்கக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டபடி போவார். அவருக்கு இவள் மகள் வயதுதான் இருப்பாள். வலது செருப்பு இடது செருப்பைவிட முன்னதாகத் தேயும் ஒரே மனுஷி இவள்தான் என்று அம்மா சொல்வாள்.

அவள் சொல்லித்தரும் முறை வேறு யாரிடமும் இல்லாதது. ஓட்டுகிறவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "முன்னாடி சைக்கிள், குறைக்கிறேன். பஸ் நிக்குது, ஆளு இறங்கலாம், தள்ளிப் போறேன்." இப்படித் தெருவெல்லாம் புலம்பிக்கொண்டேதான் போக வேண்டும். நானும் அவளிடம் கற்றுக்கொள்ளப் போனவள்தான். இரண்டு மொழியில் படித்திருந்தும் ஒரு மொழியிலும் எனக்கு அப்படிச் சத்தமாகப் பேச வரவில்லை. "உன் கண்ணு பாத்துச்சுன்னு என் காலுக்கு எப்படிடீ தெரியும்?" என்று சித்தி கத்துவாள். ஆரம்பப் பாடங்களோடு நின்றுவிட்டேன். இன்றும் பஸ்ஸில்தான் போகிறேன்.

பிறர் ஓட்டும் காரில் உட்கார்ந்தாலும் சித்தியின் கால் சும்மா இருக்காது. சித்தப்பாவின் கார் சாதாரணக் கார். அவள் உட்காரும் பக்கத்தில் பிரேக் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் காலடியில் விரித்திருந்த மிதியடியில் குதிகால் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது.

விபத்து நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். சித்தியும் சித்தப்பாவும் நண்பர் ஒருவரின் புது வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக் கட்டிய ஒரு வேன், பக்கத்துச் சாலையிலிருந்து நிற்காமல் வந்து சித்தியின் பக்கத்து முன்பகுதியில் மோதியது. சித்தப்பா பிரேக் போட்டிருந்தார். தப்பு வேன்காரருடையது என்று போலீஸே சொல்லிவிட்டது. சித்தப்பாவுக்கு நெஞ்சில் சீட் பெல்ட் பதிந்த தடம் மட்டும்தான். சித்திக்கு மணிக்கட்டில் ஒரு முறிவு, நெற்றியில் தையல், வலது கணுக்காலும் குதிகாலும் தூள்.

"மோதும்போது கால் விறைப்பா இருந்திருக்கு," என்றார் சர்ஜன், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. "தரையை உதைச்ச மாதிரி. கால் தளர்வா இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

சித்தி கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்தாள். "பிரேக் போட்டேன் டாக்டர்."

"ஓட்டினது நீங்களா?"

"இல்ல. பக்கத்துல உக்காந்திருந்தேன்."

சர்ஜன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கால் தேறினால்தான் வேலை. அவளுக்கு வேறு எந்தக் கேள்வியும் இல்லை. நெற்றித் தழும்பு தெரியுமா என்று கேட்கவில்லை, மழைநாளில் வலிக்குமா என்று கேட்கவில்லை. "மறுபடி மிதிக்க முடியுமா?" என்பதையே காலையில் ட்யூட்டி டாக்டரிடமும், மத்தியானம் நர்ஸிடமும், சாயங்காலம் தரை துடைக்க வந்த அம்மாவிடமும் கேட்டாள். அந்த அம்மா மட்டும்தான் தயங்காமல் "ஓ, நல்லா மிதிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து சித்திக்கு அவரைத்தான் பிடித்தது.

பகல் முழுக்க நான் கூட இருந்தேன். என் வேலையை மடிக்கணினியில் எங்கிருந்தும் செய்துகொள்ளலாம் என்பதால் வீட்டில் என்னைத்தான் அனுப்பினார்கள். வார்டில் சித்தியால் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க முடியவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கச் சொல்வாள், உடனே இறக்கச் சொல்வாள். ஜன்னல் திரையை விலக்கச் சொல்வாள். கீழே பார்க்கிங் தெரியும். "அந்தச் சிவப்புக் கார்காரன் எப்படி நிறுத்தியிருக்கான் பாரு. ரெண்டு வண்டி இடத்தை ஒருத்தனே சாப்பிட்டுட்டான்." பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பழங்களை வேண்டாம் என்பாள், அவர்கள் வெளியே போனதும் எடுத்துக் கொடு என்பாள்.

வருகிறவர்களிடம் விபத்தைச் சொல்லும்போது அவள் ஒரு ஜோக் வைத்திருந்தாள். சித்தப்பாவுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிப்பது. இருட்டறையில் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று கேட்பதைத் தவிர அவர் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. சித்தி சொல்வாள்: "ஊருக்கே கண்ணாடி மாட்டி விடறாரு. என் பக்கம் யானை மாதிரி ஒரு வேன் வருது, அது தெரியலை." வந்தவர்கள் சிரிப்பார்கள். தையல் இழுக்க அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மருந்துச் சீட்டோடு கீழே போன சித்தப்பா திரும்பி வந்து வாசல் திரைக்குப் பின்னால் நின்றதை நான் பார்த்தேன். மருந்துப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு தினமும் வந்தார். ஆனால் பஸ்ஸில் வந்தார். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது; வேறு வண்டி கிடைத்தாலும் ஓட்டுவதில்லை என்று விட்டுவிட்டார். மேலே வந்து, "வலி எப்படி?" என்று கேட்பார். பிறகு இறங்கிப் போய், கேன்டீன் எதிரே உள்ள சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஜன்னலிலிருந்து அவருடைய வழுக்கை தெரியும்.

"உங்க சித்தப்பாவைப் பாரு. அங்க உக்காந்து யாருக்குக் கண்ணு டெஸ்ட் பண்றாரு?"

நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

கட்டு மாற்றவும் எக்ஸ்ரே எடுக்கவும் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். முதல் தடவை வீல்சேரில் போனபோது லிப்டின் கதவு மூடத் தொடங்கியது. தள்ளிய ஆள் அவசரப்பட்டு உள்ளே நுழைக்கப் பார்த்தார். சித்தியின் வலது கால், கால்பலகையைத் தன் முழு பலத்தோடும் மிதித்தது. அவள் கத்திய கத்தலில் லிப்டுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைப் பிடித்தார்கள். அப்போதுதான் எனக்கு முதல் நாள் ஸ்ட்ரெச்சரில் நடந்ததும் புரிந்தது. சித்தி காலை உதறியிருக்கவில்லை. பிரேக் போட்டிருக்கிறாள்.

எக்ஸ்ரேயில் ஒரு திருகாணி இடம் பெயர்ந்திருந்தது. மறுபடி தியேட்டர். மறுபடி மயக்கம். முடித்துவிட்டு வந்த சர்ஜன் இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

"திரும்ப இறுக்கியிருக்கேன். ஆனா எலும்பு ரொம்ப நொறுங்கியிருக்கு. இதுக்கு மேல திருகாணிக்குப் பிடிக்க இடமில்ல. எலும்பு சேர்ற வரைக்கும் அந்தக் கால் எதையும் மிதிக்கக் கூடாது. தரையில படணும்னுகூட இல்ல. கெண்டைக்கால் சதை இறுகினாலே போதும், அது குதிகாலை மேல இழுக்கும்."

"மறுபடி நகந்தா?"

"கணுக்காலை மொத்தமா பூட்டிடணும். நடப்பீங்க. வலியும் இருக்காது. ஆனா மடங்காது."

"மிதிக்க?"

"நடக்கலாம்னு சொன்னேனே."

"நடக்கறதைக் கேக்கலை டாக்டர்."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தார். "பிரேக் மிதிக்க முடியாது," என்றார்.

அன்றிலிருந்து சித்தி பார்க்கிங்கைப் பார்க்கச் சொல்லவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் புகுந்த வேற்றாளைப் பார்ப்பது போல. அவள் சொன்னால் கேட்கிற கால் இல்லை அது. வாசலில் யாராவது வேகமாக வந்தால் இறுகும். கீழே சாலையில் டயர் கிறீச்சிட்டால் இறுகும். என் துப்பட்டாவால் அதைக் கட்டிலோடு கட்டி வைக்கச் சொன்னாள். நர்ஸ் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

"சிஸ்டர், நாய்க்குட்டின்னா கட்டி வைக்கலாமில்ல?" என்றாள் சித்தி.

"நாய்க்குட்டி சொன்னா கேக்கும்மா. கட்டினா ரத்த ஓட்டம் நிக்கும். அவிழுங்க முதல்ல."

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். கீழே போகும்போது முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பாதி வழியிலேயே துண்டை இழுத்தெறிந்தாள். "மூடினா இன்னும் மோசம்டீ. எல்லா வண்டியும் என் மேலதான் வருது." பிசியோதெரபி செய்யும் பெண் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, விட வேண்டும். நிறுத்துகிற இடத்தில் கால் இறுகியது. "நிறுத்துன்னு மட்டும் சொல்லாத தாயி," என்று சித்தி அவளிடம் கெஞ்சினாள். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பெண் வெளியே வந்து என்னிடம், "ரொம்பக் கவலையா இருக்குங்க," என்றாள். "வீட்டுக்குப் போகணும்னா கார்ல போயாகணும். நாளைக்குப் பின்ன செக்கப்புக்கு வரணும். எப்படிச் சமாளிப்பீங்க?"

எனக்கும் தெரியவில்லை. நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்கார்ந்தால் தேவலை போலிருந்தது, உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றியது.

சண்டை வந்தது மறுநாள். கட்டு மாற்றக் கூப்பிட்டார்கள். வீல்சேர் தள்ளும் ஆட்கள் யாரும் கிடைக்கவில்லை. சித்தப்பா அப்போதுதான் "வலி எப்படி?" கேட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க தள்ளுங்களேன்," என்றாள் சித்தி.

"ஆள் வரட்டும்."

"ஏன், நீங்க ஆள் இல்லையா?"

"நான் தள்ளினா நீ மிதிப்பே."

"யாரு தள்ளினாலும்தான் மிதிக்கிறேன்."

"மத்தவங்க தள்ளி மிதிச்சா அது வேற." அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று உயர்ந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து என் பக்கத்துல உக்காந்து மிதிச்சுக்கிட்டுதான் வர்றே. மிதியடி ஓட்டையாப் போச்சு. ஒரு நாளாவது காலை நீட்டிச் சும்மா உக்காந்திருக்கியா? டாக்டர் என்ன சொன்னாரு? தளர்வா இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னாரு. நீ என்னை நம்பியிருந்தா இன்னைக்கு நடந்துக்கிட்டிருப்பே. இதுல எனக்குக் கண்ணு தெரியலைன்னு ஊரெல்லாம் சிரிப்பு வேற."

அந்த ஜோக் அவர் காதில் விழுந்திருக்கும் என்று சித்தி நினைத்திருக்கவே இல்லை. ஆனால் அடங்குகிற ஆள் இல்லை.

"நம்பறது நம்பாதது என்னங்க இதுல? நீங்க பாத்தீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயத் திறந்தாத்தானே? பொம்மை மாதிரி நேராப் பாத்து ஓட்டிக்கிட்டுப் போறது. நான் என்ன உங்க மண்டைக்குள்ளயா உக்காந்திருக்கேன்?"

"சொல்லணும், அதானே? சொல்லிக்கிட்டேதான் ஓட்டணும், உன்கிட்ட பீஸ் கட்டின பசங்க மாதிரி?"

"ஆமா. சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"சரி. சொல்றேன்." வீல்சேரைத் தடாலென்று கட்டில் பக்கம் திருப்பினார். நானும் நர்ஸும் சேர்ந்து சித்தியை ஏற்றினோம். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்.

"வாசல். வாசலைப் பாத்துட்டேன், மகாராணி. வெளியே போறோம். இதோ இங்க ஒரு தூண். தூண் நகராது. ஆனாலும் பாத்துட்டேன். எதிர்ல ஒரு நர்ஸ், கையில ட்ரே. வழி விட்டு நிக்கிறேன். அவங்க போயாச்சு. இங்க ஒரு பெரியவர் இருமறாரு. இருமட்டும், நாம சுத்திப் போறோம். தரை ஈரம். மெதுவாப் போறேன். லிப்ட். கதவு திறந்திருக்கு, ஆனா மூடப் போகுது. நாம போகலை. அடுத்ததுல போறோம். போதுமா? இன்னும் வேணுமா?"

நடைவழியில் இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அதனால்தான் என் பார்வை காலில் விழுந்தது.

கால் அசையவில்லை. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள், தூங்குகிற குழந்தையின் விரல்களைப் போலத் தளர்ந்து கிடந்தன. சித்தியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிப்ட் கதவு எங்களுக்கு எதிரே மூடியபோதும் அது அப்படியே கிடந்தது.

"நிறுத்தாதீங்க," என்றாள் மெதுவாக.

"என்ன?"

"திட்டறதை நிறுத்தாதீங்க. சொல்லிக்கிட்டே வாங்க."

அதற்குப் பிறகு கீழே போவதென்றால் சித்தப்பாதான் தள்ளினார். கோபம் ஓரிரு நாளில் வடிந்துவிட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சை ஒரே நடைவழியில் செலவழிப்பது போலப் பேசினார். வார்டு ஆட்கள் அவரை 'ரேடியோ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நாள் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் எதிரே வந்தால், "ரேடியோ, என்னைப் பாத்தாச்சா?" என்பார். "பாத்தாச்சு. ஷேவ் பண்ணலை," என்பார் சித்தப்பா. இவ்வளவு பேசத் தெரிந்தவரா என்று எனக்கு ஆச்சரியம். சித்திக்கு அதைவிட ஆச்சரியம், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் வேகமாச் சொல்லுங்க. பாத்த பிறகு சொன்னா போதாது, பாக்கும்போதே சொல்லணும்," என்று அதிலும் குறை கண்டுபிடித்தாள்.

டிஸ்சார்ஜ் என்றதும் மறுபடி எல்லாருக்கும் பயம் வந்தது. நடைவழி வேறு, சாலை வேறு.

"வீட்டுக்கு நீங்கதான் ஓட்டறீங்க," என்றாள் சித்தி.

"டாக்சி வச்சுக்கலாம். நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

"ஓட்டறவன் பாத்ததை நீங்க எப்படிச் சொல்ல முடியும்? அவன் கண்ணு அவனோடது." அவள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்கதான் ஓட்டணும்."

சித்தப்பாவின் கார் இன்னும் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி, சித்தி வேலை பார்த்த காரையே அனுப்பி வைத்தார். கூரையில் பெயர்ப் பலகை, பின்னால் சிவப்பில் 'எல்' எழுத்து. பின் இருக்கையில் சித்தியை நீளவாக்கில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். முன்னால் சித்தப்பாவுக்குப் பக்கத்து இருக்கை காலி. அதன் காலடியில் ரப்பர் தேய்ந்த அந்தப் பிரேக். சித்தி கழுத்தை எட்டி அதை ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார், விட்டார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி பிடித்தார். "கண்ணாடி பாத்தேன். பின்னாடி யாரும் இல்ல. கிளம்பறேன்."

ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும் சாலை எங்கள் மேல் பாய்ந்தது. இத்தனை நாளும் ஜன்னல் வழியே பார்த்த அதே சாலைதான். உள்ளே இறங்கியதும் அது வேறாக இருந்தது. சித்தப்பா மூச்சுவிடாமல் பேசினார். "பைக், ஹெல்மெட் போட்டிருக்கான், நம்மளப் பாக்கலை, விடறேன். லாரி, அது தன் வழியில போகுது. பஸ் ஸ்டாப், கூட்டம், குறைக்கிறேன். அந்தம்மா குறுக்க வரலாம். வரலை. வருது. நிக்கிறேன்." பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்ததும், கற்றுக்கொள்கிற ஆள்போல என்று விலகிப் போனார்கள். என் இரண்டு கையும் சித்தியின் கெண்டைக்காலைத் தாங்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அது லேசாகத் துடிக்கும். அவர் குரல் வந்ததும் அடங்கும்.

வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. விபத்து நடந்த அந்தச் சாலைச் சந்திப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தூரத்தில் அது தெரிந்ததும் சித்தப்பாவின் பேச்சு தேயத் தொடங்கியது. "முன்னாடி... சந்திப்பு..." என்றார். பிறகு ஒன்றும் வரவில்லை. கார் போய்க்கொண்டிருந்தது. என் கைக்குள் சித்தியின் கால் கல்லாக இறுகியது. மாவுக்கட்டுக்கு வெளியே விரல்கள் மடங்கின. அவள் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சித்தப்பா," என்றேன். பிறகு, நானே கேட்டிராத சத்தத்தில், "சித்தப்பா, பேசுங்க!"

"பாத்தேன்," என்றார். "பக்கத்து ரோடு பாத்தேன். யாரும் இல்ல. குறைச்சுட்டேன். மறுபடி பாக்கறேன். இப்பவும் யாரும் இல்ல." சந்திப்பின் நடுவில் கார் நத்தைபோல ஊர்ந்தது. "அன்னைக்கும் பாத்தேன். வேன் வர்றதைப் பாத்தேன். நிக்கும்னு நினைச்சேன். நிக்கலைன்னதும் பிரேக் போட்டேன். எல்லாம் பண்ணேன். சொல்லத்தான் செய்யலை."

சித்தி அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள். "முன்னாடி சிக்னல் இருக்கு. அதைச் சொல்லுங்க."

"சிக்னல். மஞ்சள். நிக்கிறேன்."

கால் என் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஆனால் இறுகியது இறுகியதுதான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த எக்ஸ்ரே வரையிலான நாட்கள் எப்படி நகர்ந்தன என்று சொல்லத் தெரியவில்லை. சித்தி அதிகாலையிலேயே விழித்துக்கொண்டு கட்டைத் தடவிப் பார்ப்பாள். உள்ளே ஏதோ அசைகிறது என்பாள், பிறகு இல்லை என்பாள். சித்தப்பா கடையிலிருந்து மத்தியானத்தில் போன் செய்வார். "கால்?" என்பார். "அப்படியேதான்," என்பேன். ரேடியோ வீட்டுக்குள் வந்ததும் பழையபடி மௌனமாகிவிட்டது.

எக்ஸ்ரே நாளன்று போகும்போதும் அவர் பேசினார், சித்தி அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பழைய படத்தை அதன் பக்கத்தில் மாட்டினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"திருகாணி எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கு," என்றார் சர்ஜன். "எலும்பு சேர ஆரம்பிச்சிருக்கு. நான் நினைச்சதைவிட நல்லா."

சித்தப்பா உட்கார்ந்தார். சர்ஜன் கட்டை அவிழ்க்கச் சொன்னார். உள்ளேயிருந்து வெளிறி, மெலிந்து, வேறு யாருடையதோ போல ஒரு கால் வந்தது. சர்ஜன் குனிந்து தன் உள்ளங்கையைப் பாதத்தின் கீழே வைத்தார். "மெதுவா. ரொம்ப மெதுவா. இப்ப நீங்களே மிதிங்க."

சித்தி காலைப் பார்த்தாள். இத்தனை நாளும் கேட்காமலே மிதித்த கால். இப்போது சொல்லியும் அசையவில்லை. அவள் நெற்றியில் வியர்வை பூத்தது. சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மிதிக்கப் போறேன் டாக்டர்," என்றாள். "கையைக் கவனிச்சுக்குங்க."

பாதத்தின் முன்பகுதி ஒரு நூலளவு இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். சர்ஜனின் விரல்கள் அந்த அழுத்தத்தை வாங்கி லேசாக வளைந்ததை நான் பார்த்தேன்.

"போதும், போதும்," என்றார் அவர். "மத்ததை நாள்பட பிசியோல பாத்துக்கலாம். காருக்கு அவசரப்படாதீங்க."

"அவசரமே இல்ல," என்று சித்தி பொய் சொன்னாள்.

திரும்பும்போது புதுக் கட்டோடு கால் என் மடியில் இருந்தது. வெயில் தணிந்திருந்தது. "சைக்கிள் ரெண்டு," என்றார் சித்தப்பா. "பேசிக்கிட்டே வர்றாங்க, தள்ளிப் போறேன். இந்தக் கடையில ஷட்டர் பாதி மூடியிருக்கு. முன்னாடி போறவன் இண்டிகேட்டரை அணைக்க மறந்துட்டான், அவனை நம்பப் போறதில்ல."

என் கையில் கால் திடீரென்று கனத்தது. பயந்து நிமிர்ந்து பார்த்தேன். சித்தியின் தலை தலையணையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஓடுகிற காரில் அவள் தூங்கி அன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்கு அது தெரியாது. "சந்திப்பு வருது," என்றார். "குறைக்கிறேன். பக்கத்து ரோட்டைப் பாத்தாச்சு. ஒரு டெம்போ நிக்குது. அவன் என்னைப் பாத்துட்டான். நானும் அவனைப் பாத்துட்டேன்."

சித்தி தூங்கிவிட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.